அடுத்த மாடல் வரும்வரை

செங்கல்பட்டு
20-10-1978

சிரஞ்சீவி பாஷ்யத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் தயவில் நானும் உன் தங்கை பத்மாசனியும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் அமெரிக்காவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது, அதில் தேதி இல்லை. நான் படித்த கான்வென்டில் தேதி போடாத தாளை சிஸ்டர் படிக்கவே மாட்டார்கள், அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள். இன்ஜினீயர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை போலிருக்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கொளவாய் ஏரி நிரம்பி வருகிறது, சமையலறை ஓடு மாற்றியாகிவிட்டது, ஒழுக்கு இல்லை.

நீ பெருமையாக எழுதியதற்கு வருகிறேன். டெலிவிஷனில் மாட்டி விளையாடுகிற பெட்டியை உன் கம்பெனி போன வருஷம் நூறு டாலருக்கு விற்றதாம், இன்று அதை முப்பதுக்கும் தொடுவாரில்லையாம், ஆட்டத்தை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளும் புதுப் பெட்டி இருநூறு டாலருக்கு வந்துவிட்டதாம், அதையும் தூக்கியடிக்க இன்னொன்று தயாராகிறதாம். இதில் பெருமை எங்கே இருக்கிறது என்று இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. மகாபலிபுரம் கரையில் காலையில் விற்ற மீனைச் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். மீன் நாறுகிறது, விலை இறங்குகிறது, அது நியாயம். உன் பெட்டி நாறவில்லை, உடையவில்லை, நேற்று ஆடியபடியே இன்றும் ஆடுகிறது. நீங்களே அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரையும் பொத்திக்கொள்ளச் சொல்கிறீர்கள். போன வருஷம் நூறு டாலர் கொடுத்தவனை மடையனாக்குவதுதான் உங்கள் தொழில் என்றால் அதற்கு இத்தனை படிப்பு வேண்டியதில்லை, ஒரு திருவிழாக் கடை போதும்.

போன வருஷம் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்று அந்தப் பெட்டியை உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பினாயே, வேஷ்டியும் மோதிரமும் போதும் என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை. பெட்டி வந்தது, அவர்கள் வீட்டில் டெலிவிஷன் இல்லை, ஆகவே டெலிவிஷனும் நாமே வாங்கிக் கொடுத்தோம். மகாபலிபுரத்தில் மெட்ராஸ் படம் தெரியவில்லை, ஆகவே மாடியில் நட உயரமான குழாயும் ஆண்டெனாவும் நாமே. சீர் செய்கிறோமா, மின்சார இலாகா நடத்துகிறோமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் திரையில் நடப்பது என்ன, ஒரு வெள்ளைப் புள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறது. பண்டிகையன்று இங்கே ஆடிக் காட்டினபோது நம் வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, ஈ மாதிரி ஒண்ணு ஓடிகினு கீது, அத்தப் பாத்துகினு மாப்ளை இப்டி வேர்த்துப் போறாரு” என்றாள். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. நான் அவளை அதட்டினேன், ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஆடிக்குப் பத்மாசனியை அழைத்து வந்தேன். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவதுதானே முறை, ஆவணி போயிற்று, புரட்டாசியும் பிறந்தது, அவர் வரவில்லை. என்ன குறை என்று நானே பஸ் ஏறி மகாபலிபுரம் போய்க் கேட்டேன். உன் அப்பா போனபிறகு நான் யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை, நின்றேன். சம்பந்தியம்மாள் கோமளம் காப்பியை ஆற்றிக்கொண்டே, “எங்க ராகவன் வாயைத் திறந்து கேக்கற பிள்ளை இல்லை மாமி. அவன் கணக்கு எழுதற ஹோட்டல்லே வெள்ளைக்காரன் ஒருத்தன் புது மாடல் கொண்டுவந்திருக்கான், கார் ரேஸெல்லாம் வரதாம். உங்காத்துப் பிள்ளை அதைப் பண்ற எடத்திலேயே இருக்கான், நீங்க பழசைத் தள்ளிட்டேள்னு நாலு பேர் சிரிக்கறா” என்றாள். பழசாம், அதற்கு ஒரு வயசு ஆகவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, டிசம்பரில் புதியது வரும் என்று பாஷ்யம் எழுதியிருக்கிறான் என்றேன். பெண் வாழவேண்டுமே என்றுதான் அதைச் சொன்னேன், சொன்ன நாக்கு இன்னும் கசக்கிறது.

அதற்கு வந்த பதில்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. நீ மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி அதில் அடுத்த வருஷம் இதைவிட உசத்தியானது வருகிறது, அவசரப்பட வேண்டாம் என்று அளந்திருக்கிறாய். கம்பெனிக்காரன் வாடிக்கைக்காரனுக்கு எழுதுவதைத் தங்கை புருஷனுக்கு எழுதினாய். சரஸ்வதி பூஜையன்று மாப்பிள்ளை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே, “டிசம்பர்லே வரதை அனுப்ப வேண்டாம்னு எழுதிடுங்கோ மாமி, அடுத்த மாடலே வரட்டும், நான் பொறுத்துக்கறேன்” என்றார். அதுவரையில் பத்மாசனி என்று நான் கேட்டேன். “அவளும் இங்கே சௌகரியமாத்தானே இருக்கா” என்றார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். “அடுத்த மாடல் வந்ததும் அதோடேயே குடித்தனம் பண்ணுங்கோ, அது சமைக்காது, ஆனா எதிர்த்துப் பேசாது” என்று சொல்லிவிட்டுப் பூஜைக்குப் புஸ்தகம் அடுக்கப் போய்விட்டாள். அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார். நான் நிறுத்தவில்லை.

பூஜை விடுமுறை முடிந்ததும் அவள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். பகலில் கெட்டியாக இருக்கிறாள். சாயங்காலம் மகாபலிபுரம் பஸ் வரும் நேரத்துக்குத் தெருப் பக்கம் வந்து நிற்கிறாள், நான் பார்ப்பது தெரிந்தால் கோலப்பொடியைத் தேடுகிறாள். அவளுக்கு அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் நீ ஒன்றும் அனுப்பக் கூடாது. டிசம்பர் பெட்டியும் வேண்டாம், அடுத்ததும் வேண்டாம், அதற்கடுத்ததும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு இரண்டே வரி எழுது, இனி எந்தப் பெட்டியும் வராது என்று. காரணம் எழுதாதே, மன்னிப்பும் கேட்காதே, தேதி போடு. அதைப் படித்த பிறகும் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் பத்மாசனிக்காக இறங்கினார் என்று நம்புகிறேன், நானே எதிரே போய்க் கூப்பிடுகிறேன். கூடப் போவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீரில். தீர்க்காயுசாக, புத்தியோடு இரு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த இரண்டு வரியையும் தபாலில் சேர்த்துவிடு.

உன் நன்மையையே கோரும் அம்மா,
ரங்கநாயகி