பங்களாக் கைமணி

ஜூலை 8, செவ்வாய்

ஒரே காற்று. போடிமெட்டில் சாரலாம், இங்கே புழுதிதான். கரன்ட் இரண்டு தடவை போனது.

நான் செய்துகொண்டிருக்கும் கேம் முக்கால்வாசி முடிந்தது. பழைய காலத்துக் கம்ப்யூட்டர் கேம் மாதிரி கட்டம் கட்டமான படம். ஏலக்காட்டுப் பங்களா, பன்னிரண்டு அறை, செத்துப்போன துரை. பாக்கி: சமையலறைப் பூட்டு, பூனை, மாடிப்படிச் சத்தம்.

அண்ணன் வேலைக்குப் போனதும் மதினியை விளையாட உட்கார வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மலையில் ஒரு பங்களாவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். பயந்து சாவாள் என்று பார்த்தால், பேய் வந்து நிற்கிறது, "இம்புட்டு ஒட்டடைய அடிக்காம வச்சிருக்காகளே" என்கிறாள். எரிச்சல்.

அடுத்தது சாப்பாட்டு அறை. துரை கைமணி அடிப்பான். டிங் டிங். மதினி சடாரென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு!

சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

9, புதன்

மணிச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். பேயைக் குறைக்கலாம்.

மதினி காய் நறுக்கும்போது கம்ப்யூட்டரில் மணியை அடித்துப் பார்த்தேன். எழுந்தாள். பூக்கட்டும்போதும் எழுந்தாள், பூவெல்லாம் தரையில். அம்மா: "என்னடி இவ, சாவி குடுத்த பொம்ம கணக்கா!"

11, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். பூட்டு முடிந்தது.

சாயங்காலம் மதினி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "தாயி, அந்த மணிய மட்டும் எடுத்துரு. எம் புத்திக்கு முந்திக் காலு எந்திரிக்குது. ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா இந்த வீட்லயும் நான் வேலைக்காரிதேன்."

"சரி மதினி" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எடுக்க மனசு வரவில்லை. மொத்த கேமிலும் அது ஒன்றுதான் உருப்படி.

13, ஞாயிறு

கறிக்குழம்பு. காரம் ஜாஸ்தி. அண்ணன் வீட்டில்.

வாய் சும்மா இருக்கவில்லை, அவனிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. "எங்க, அடிச்சுக் காட்டு."

எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு அப்போதுதான் மதினி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மணியை அடித்தேன். கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து நின்றாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அந்தச் சத்தத்த என் போனுக்கு அனுப்பு" என்றான். "தெனம் தொண்ட கிழியக் கூப்பிட வேண்டியிருக்கு."

மதினி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கும்பிட இடது கையை மட்டும் தூக்கினாள். வலது கை எச்சில்.

அனுப்பிவிட்டேன்.