அந்தோணியின் கேம் டப்பாவும் என் ஜம்பர் வயரும்

எத்தனை அடி வாங்கினாலும் என்னைவிட்டு ஒரு நாளும் ஒதுங்காத என் தம்பி அந்தோணிக்கு,

உன் அக்காதான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் உன்னை நான் தனியாகக் கூப்பிட்டா திட்டினேன்? உன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், இலை போட்டு உட்கார்ந்திருந்த அறுபது பேருக்கு முன்னால் கரண்டியால் அடித்தேன். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். விழுப்புரத்தில் உன் கல்லறைக்கு வெள்ளை அடித்து, புல்லைச் செதுக்கி, ஸ்டெல்லா சாமந்தி மாலை வாங்கி வைத்திருப்பாள். மூன்று வருடமாக நான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். உள்ளே வந்து மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்று சொன்னது உன் பெண்டாட்டி. அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வருடம் அவள் மண்டையை உடைத்துவிட்டு உள்ளே போகலாமா என்றுகூட நினைத்தேன்.

நம் வீட்டில் அடி என்பது மூன்று வேளைச் சோறு மாதிரி. 1993 ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினான்கு. பக்கத்து வீட்டில் டிவி கேம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பா, உன்னைக் காணோம் என்று அங்கே நுழைந்து, ப்ளக்கைச் சுவரோடு பிடுங்கி, அந்த ஒயராலேயே உன்னை விளாசினார். நான் அவர் கையைக் கடித்தேன். என் வாயெல்லாம் அவர் ரத்தம். அதற்கப்புறம் ஒயர் என் பக்கம் திரும்பியது.

உன் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய். "அக்கா, ப்ளக்கே இல்லாத கேம் ஒண்ணு இருந்தா அப்பா இன்னாத்தப் புடுங்குவாரு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து நீ அழ ஆரம்பித்தாய். அழுததற்கு உனக்கு ஒரு அறை விட்டேன். அப்பாவின் கை எனக்கு அப்படியே வந்துவிட்டதடா. உனக்கு மட்டும் எப்படி வராமல் போனது?

அந்த ப்ளக் இல்லாத கேமை நீ செய்தே முடித்தாய், இருபத்து மூன்று வருடம் கழித்து. அப்போது நீ விழுப்புரத்தில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வேலை செய்தாய். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய பேட்டரி நான்கு, பேட்டரியின் கரண்ட்டை ஐந்து வோல்ட்டாக ஏற்றித் தரும் குட்டி போர்டு ஒன்று. எல்லாவற்றையும் பச்சை டிபன் டப்பாவுக்குள் அடக்கினாய். உன் மகள் ஜெனிக்குப் புதுநன்மைப் பரிசாக அதைக் கொடுக்க வேண்டும் என்று உனக்கு ஒரே பிடிவாதம். கடையில் விற்கிறதை வாங்கித் தந்தால் ஆகாதா என்று கேட்டதற்கு முறைத்தாய்.

உள் வயரிங்கை மட்டும் என்னிடம் கொடுத்தாய். "உன் கை மாதிரி சுத்தமா எவனுக்கும் வராதுக்கா" என்றாய். உண்மைதானே? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செத்த செல்போன்களை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். போன் போர்டில் தடம் அறுந்த இடத்தைத் தலைமுடி போல ஒரு கம்பி வைத்து ஒட்டுவோம். எங்கள் தொழிலில் அதற்கு ஜம்பர் என்று பெயர். உன் டப்பாவிலும் அதையே வைத்துச் சுற்றி, அழகாக ஒட்டி, மூடிக் கொடுத்தேன். பார்க்கிறவன் கண்ணுக்கு வயரே தெரியாது. எனக்கு அதில் அத்தனை பெருமை.

பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் இருந்து வருவாய்.

"அக்கா, நல்லாதான் ஓடிக்கினு இருந்துச்சி. பெரிய வில்லன் வந்து சவுண்டு ஏறுன உடனே ஆஃப் ஆயிடுச்சி. மூலையில மின்னல் மாதிரி ஒரு குறி வருது."

"மின்னல் வந்தா பவர் பத்தலன்னு அர்த்தம். பேட்டரி உதவாதுடா. குப்பையில பொறுக்குனா அப்படித்தான் இருக்கும்."

"பத்தலன்னு அர்த்தம் இல்லக்கா. வந்து சேரலன்னு அர்த்தம். ஒவ்வொரு பேட்டரி செல்லையும் டெஸ்ட் பண்ணித்தான் போட்டேன்."

நான் கேமை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்துப் பார்ப்பேன். ஐந்து புள்ளி ஒன்று காட்டும். வயரிங்கில் குறையே இல்லை என்று டப்பாவைத் தள்ளுவேன். ஒரு ஞாயிறு நீ மெதுவாகச் சொன்னாய். "ஓடும்போது வச்சிப் பாருக்கா. சும்மா இருக்கும்போது எல்லாம் அஞ்சுதான் காட்டும்."

"மீட்டர் புடிக்க எனக்கே சொல்லித் தர்றியா நீ?" என்று கேட்டு, கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வீசினேன். உன் காதை உரசிக்கொண்டு போய் அட்டைக் காலண்டரில் குத்தி நின்றது. நீ எழுந்துபோய் அதைப் பிடுங்கி, என் மேசையில் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த டீயைக் குடித்தாய். ஓடும்போது நான் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

விருந்து நாள் வந்தது. ஜெனி வெள்ளைக் கவுனில் நின்றாள். நீ டப்பாவை அவள் கையில் கொடுத்தாய். ஓடியது, அணைந்தது. திரும்பப் போட்டாய், திரும்ப அணைந்தது. மூன்றாவது தடவை ஸ்டெல்லாவின் தம்பி சூசை, "மச்சான், இது கேமா, மெழுகுவத்தியா? ஊதாமலே அணையுது" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். "அக்கா வயரிங் பக்கம் மட்டும் ஒருக்கா தொறந்து பாத்துடுறேன், அப்புறம் ஓடும் பாரு" என்று மகளிடம் சொன்னாய். அவளிடம்தான் சொன்னாய், என்னிடம்கூட இல்லை.

நான் பிரியாணி அண்டாப் பக்கம் நின்றிருந்தேன். கையில் இரும்புக் கரண்டி. அடுத்த நொடி அது உன் இடது புருவத்தில் இருந்தது. தோல் பிளந்து, ஜெனியின் கவுனில் ரத்தம் தெறித்தது. அதோடாவது நிறுத்தினேனா? "எந்தக் கடையில திருடிக்கினு வந்த செல்லோ, அத வச்சிக்கினு என் வேலையில குத்தம் சொல்றியாடா திருட்டு நாயே" என்று கத்தினேன். உன் முதலாளியும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்.

நீ கைக்குட்டையை மடித்து நெற்றியில் வைத்தாய். "பரவால்லக்கா. ஜல்தியா தையல் போட்டுக்கினு வந்துடுறேன். நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். யாரையும் கூட வர வேண்டாம் என்றாய். பைபாஸ் திருப்பத்தில் லாரி வந்தது. இடது பக்கத்தில் இருந்து.

போலீஸ்காரர்கள் எல்லாக் காயத்தையும் ஒன்றாகச் சேர்த்து விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். உன் புருவத்தில் இருந்தது எப்படி வந்தது என்று தெரிந்த அறுபது பேரும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லாவும் திறக்கவில்லை. ஆனால் குழிக்கு மண் போட நான் குனிந்தபோது என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கீழே தள்ளி, வயிற்றில் உதைத்தாள். "அந்தக் கையால மண்ணு போடாத" என்றாள். நானும் திருப்பி அவள் காலைப் பிராண்டினேன், தம்பி. உன் குழியோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் புரண்டதைப் பங்குச் சாமியார் வந்துதான் பிரித்தார்.

போன மாதம் சூசை என் கடைக்கு வந்தான். ஸ்டெல்லா வீடு மாறுகிறாளாம். பையில் இருந்து பச்சை டப்பாவை எடுத்து வைத்தான். "எங்க அக்கா இதக் கொளுத்திடச் சொன்னுச்சி. எனக்கு மனசு வரல. நீங்களே வச்சிக்கங்க" என்றான். அன்றைக்குச் சிரித்தவன்தான். என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறப் போய்விட்டான்.

ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதைப் பிரித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நீதான் தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் பிரித்தேன். உன் பேட்டரியில் குறை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். நான்கு செல்லிலும் டேப் ஒட்டி, உன் கோணல் எழுத்தில், டெஸ்ட் செய்த கணக்கை எழுதி டிக் போட்டிருந்தாய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சார்ஜ் ஏற்றி, நான்கு டார்ச் பல்புகளை மாட்டி எரியவிட்டேன். எந்தச் செல்லாவது படுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடப் படுக்கவில்லை.

சரி என்று எல்லாவற்றையும் மாட்டி, கேமை ஓடவிட்டு, நீ சொன்ன மாதிரி ஓடும்போது மீட்டரை வைத்தேன். பேட்டரியை ஒட்டிய குட்டி போர்டு பக்கம் ஐந்து புள்ளி ஒன்று. வில்லன் வந்தான், சத்தம் ஏறியது. மீட்டர் முள்ளைக் கம்ப்யூட்டர் போர்டு பக்கம் மாற்றினேன். நான்கு புள்ளி நான்கு. மூலையில் மின்னல் வந்தது, திரை அணைந்தது. இந்த முனையில் இருக்கிற கரண்ட்டு அந்த முனைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது என்னுடைய அழகான ஜம்பர் வயர் இரண்டு. தொட்டேன். சுருக்கென்று சுட்டது.

போனில் ஒரு துளி கரண்ட்டுக்குப் போடுகிற கம்பியை, திரையும் ஸ்பீக்கரும் போர்டும் இழுக்கிற இடத்தில் போட்டிருக்கிறேன். தொழில் தெரியாதவன்கூடக் கையில் கிடைத்த தடி ஒயரைப் போட்டிருப்பான். அந்தக் கம்பி பழகிய கைக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, நீ கார் ஸ்பீக்கருக்குப் போடுகிற ஒயரை வைத்து ஒட்டினேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அணையாமல் ஓடியது.

அது ஓட ஓட எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஷோகேஸ் கண்ணாடியை ஸ்டூலால் உடைத்தேன். ஷட்டரைக் குத்தினேன், குத்தினேன், வலது கை முட்டி பிளந்து எலும்பு தெரிகிற வரைக்கும் குத்தினேன். டீக்கடையில் இருந்து ஓடிவந்தார்கள். "இன்னா மேரிக்கா, எவனாவது உள்ள பூந்துட்டானா?" என்று கேட்டார்கள். மூன்று வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை விழுப்புரம் போனேன். ஸ்டெல்லா வாசலிலேயே மறித்தாள். "இங்க இன்னாத்துக்கு வந்த?" டப்பாவையும் வெட்டிய கம்பி இரண்டையும் அவள் காலடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வோல்ட் கணக்கு புரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அவரு சொன்னதுதான் சரியா?"

"சரிதான். குத்தம் என் வயர்லதான்."

அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள். செருப்பைக் கழற்றி அடித்தாள். உதடு கிழிந்தது. என் கை தானாக மேலே எழுந்தது, தம்பி, அதன் புத்தி அது. கட்டுப் போட்ட கையையும் சேர்த்து முந்தானையில் சுற்றி, கீழே உட்கார்ந்துகொண்டேன். அவள் களைத்துப்போகும் வரைக்கும் அடித்தாள்.

சத்தம் கேட்டு ஜெனி வந்தாள். பதினொரு வயது ஆகிவிட்டது, நெற்றி அப்படியே உன்னுடையது. எங்களைப் பார்க்காமல் டப்பாவை எடுத்து கேமை ஓடவிட்டாள். வில்லன் வந்தான், சத்தம் ஏறியது, நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்தோம். அணையவில்லை. ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா ஆச்சா அண்ணி? அன்னிக்கி எத்தினி பேரு முன்னாடி அவரத் திருடன்னு சொன்ன? அவரு முதலாளி இன்னும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருக்காரு. கல்லறைத் திருநாளுக்கு அத்தினி பேரும் வருவாங்க. வந்து சொல்லு. சொல்லிட்டு மெழுகுவத்தி ஏத்து."

எனக்குப் பயமாக இருக்கிறது, அந்தோணி. அடிப்பார்கள் என்று இல்லை. பாதியில் எவனாவது ஏதாவது சொல்லி, எனக்குக் கோபம் ஏறி, கெடுத்துவிடுவேனோ என்றுதான் பயம். என்னை உனக்குத் தெரியும்தானே?

ஆனாலும் வருகிறேன். உன் தலைமாட்டில் நின்று சொல்லப் போகிறேன். செல் நான்கும் நல்லது, அவன் எங்கேயும் திருடவில்லை, வயர் நான் போட்டது. யாராவது இரக்கப்பட்டு, "விடும்மா, லாரி அடிச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ" என்று கேட்பார்கள். அப்போது, அவன் இடது கண்ணை ரத்தத்தால் மூடி ரோட்டுக்கு அனுப்பியது நான்தான் என்று சொல்வேன். ஸ்டெல்லா என்னை அதைச் சொல்லச் சொல்லவில்லை. போலீஸ்காரர் காதில் விழுந்தாலும் விழட்டும். உன் புருவத்துக் காயம் லாரியால் வந்தது இல்லை.

உன்னைத் தூக்கி வளர்த்த கையாலேயே உன்னை அடித்த அக்கா,
லூர்து மேரி,
திண்டிவனம்.