இழுப்பது வலது, சுட்டது இடது

20-1-58, திங்கள்
பனி. வடகம் காயவில்லை.

எனக்கு மறதி வரவில்லை. எந்தக் கால் கெட்டது என்பது எனக்குத் தெரியும். தெருவில் பேசுவதைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அஞ்சலை ஒப்பித்தாள்.

“மவன் வாராவாரம் வரணும்னு டீச்சரம்மா காலை இய்க்கினு நடக்கிறாங்களாம். இய்க்கிறது சோத்தாங்கால், சுட்டுக்கினது பீச்சாங்கால். எந்தக் காலுன்னு அவங்களுக்கே மறந்துபூட்ச்சாம்.”

வாரம் ஒருமுறை வா என்று நான் யாரையும் கேட்டதில்லை. பெற்ற மகனையும்.

நடந்தது இதுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுவலி, தீபாவளிக்கு முன்பிருந்தே. பிறகு வலது கால் இழுக்கத் தொடங்கியது. வெள்ளியன்று கணப்புச் சட்டி அருகே உட்கார்ந்திருந்தேன். இடது பாதம் சட்டியில் பட்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை பார்த்துக் கத்தினாள். எலுமிச்சை அளவு கொப்புளம். வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாயிருந்தது.

காபித்தூள் தீர்ந்தது.

21, செவ்வாய்
கடைத்தெருவில் புதிதாக போர்டு மாட்டியிருக்கும் டாக்டரிடம். மாட்டு வண்டி. டாக்டருக்குச் சின்ன வயது, நல்ல சட்டை. இழுக்கும் காலைக் காட்டச் சொன்னார். ஊசியால் குத்தினார். வலித்தது, சொன்னேன். “உணர்ச்சியெல்லாம் நல்லாயிருக்கேம்மா” என்றார். இடது காலையும் குத்திப் பாருங்கள் என்றேன். அதுதான் நன்றாக நடக்கிறதே என்றார். கொப்புளத்துக்குக் களிம்பு. மருந்துக்காரப் பையன் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

“தனியா இருக்கீங்க. மனசுதான் காரணம்.” மனதை அமர்த்த புரோமைடு மிக்ஸர், வேளைக்கு ஒரு அவுன்ஸ்.

இருபத்தாறு வருடம் பெண்களுக்கு உடற்கூறும் சுகாதாரமும் நடத்தியிருக்கிறேன். தண்டுவடத்தின் முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்வுக்கு, முப்பத்தோரு ஜோடி நரம்புகள். கரும்பலகையில் பார்க்காமல் வரைவேன். இவர் என் மாணவியாயிருந்தால் பெஞ்சு மேல் நின்றிருப்பார்.

23, வியாழன்
வெயில். வடகம் எடுத்து வைத்தாயிற்று.

கான்வென்ட்டில் பரிசாகத் தந்த தடிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாதி கரையான். தண்டுவடப் பக்கங்கள் தப்பியிருந்தன. அசை என்னும் உத்தரவு தண்டுவடத்தில் அந்தந்தக் காலின் பக்கமே இறங்குகிறது. சூடும் வலியும் அப்படியல்ல. உள்ளே நுழைந்ததும் எதிர்ப்பக்கம் தாண்டி, அதன் வழியாக மேலே ஏறுகின்றன. ஆக, வலப்பக்கம் ஏதோ அழுத்தினால் வலது கால் வலுவிழக்கும். இடது கால் சூடு அறியாது. இரண்டு காலிலும் இரண்டு கோளாறு. அழுத்துவது ஒன்றே.

மதியம் சோதனை. அஞ்சலையிடம் இரண்டு டம்ளர், ஒன்றில் வெந்நீர், மற்றதில் பானைத் தண்ணீர். கண்ணைக் கட்டிக்கொண்டேன். வலது காலில் ஒன்றும் தவறவில்லை. இடது காலில் தொடுவது தெரிகிறது, எது என்று தெரியவில்லை.

“இன்னா டீச்சரம்மா, கொதிக்கிறத வெச்சா பச்சத்தண்ணின்றீங்க.” முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

வலது கால் கட்டைவிரலை அவள் மேலே தூக்கினாளா, கீழே அழுத்தினாளா? சொல்ல முடியவில்லை. விரல் இருக்கும் நிலையை அறியும் உணர்வு தாண்டாமல் அதே பக்கம் ஏறுவது. முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்வது இதனால்தான்.

26, ஞாயிறு
காஞ்சிபுரத்திலிருந்து மகன் சுந்தரம். ஆரஞ்சுப் பழம், ஒரு ஹார்லிக்ஸ். எல்லாம் விளக்கினேன், படத்தோடு. பொறுமையாகக் கேட்டான். நோயாளியிடம் காட்டும் பொறுமை.

“அம்மா, டாக்டர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். நாளைக்கே லீவு போட்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயே புக்கைப் பாத்துச் சொன்னா எப்படிம்மா?”

வரும் வழியில் டாக்டரை அவன் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டான். பழம் புளிப்பு.

27, திங்கள்
டாக்டரிடம் மறுபடி. இடது காலைத் தொடவில்லை. மிக்ஸரை இரட்டிப்பாக்கினார்.

29, புதன்
மேகம். பால்காரன் வரவில்லை.

காலையிலிருந்து சிறுநீர் கழிக்க வெகுநேரம் பிடிக்கிறது. அந்த நரம்புகள் தண்டுவடத்தின் அடிநுனியிலிருந்து கிளம்புபவை; அவற்றுக்கான உத்தரவும் அழுத்தும் இடத்தைக் கடந்தே இறங்க வேண்டும். அழுத்தம் வளர்கிறது என்று அர்த்தம். அடுத்தது இடது காலும் விழும். அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் என்னை நடக்க வைக்காது. இதைச் சுந்தரத்திடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அஞ்சலையிடமும்.

வந்து பார்க்கச் சொல்லி அவளை டாக்டரிடம் அனுப்பினேன். மருந்தை விடாமல் குடிக்கச் சொன்னாராம். “உங்க ஆயாவப் பேஜார் பண்ணாம படுக்கச் சொல்லு” என்று மருந்துக்காரப் பையன் சொன்னானாம். நான் அவளுக்குப் பாட்டி இல்லை. அவனுக்கும் இல்லை.

கடிதம் எழுதியாயிற்று. நகல்:

ஐயா, என் இடது காலை ஊசியாலும் வெந்நீராலும் சோதிக்கவும். வலது கால் கட்டைவிரலை என் கண்ணை மூடச் சொல்லி அசைத்துப் பார்க்கவும். இன்று முதல் சிறுநீர்த் தடையும் உண்டு. சோதித்த பின் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வரி எழுதித் தரவும். நான் நடிப்பதாக நீங்கள் கருதினால் அதையே எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும். வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். இதைக் கொண்டுவருபவள் உங்கள் வாசலில் காத்திருப்பாள். எழுத்தில் பதில் தரவும்.