நடுவில் இருந்த பச்சைத் துண்டு

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

அபிக்கு,

அம்மாவும் நானும் நலம். பெங்களூரில் நீயும் உன் மாமியாரும் நாத்தனார் கவிதா அக்காவும் அக்காவின் பாப்பாவும் நலம் என்று நீ அனுப்பிய படத்திலேயே தெரிந்துகொண்டேன். போனில் எனக்குச் சரியாகப் பேச வராது. கல்லூரி ஆபீசில் எனக்காகப் பேசியதெல்லாம் நீதான். இந்த முறை உன்னிடமே பேச வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஊரெல்லாம் காவடிக் கூட்டம். கடையில் மஞ்சள் துணி எடுத்துப் போட ஆள் போதவில்லை. பில் போடுகிற நடுவில் உன் படத்தைத் திறந்தேன். அதற்குப் பிறகு போட்ட பில்லெல்லாம் தப்பு. முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். அவர் திட்டியது எனக்குக் காதில் ஏறவே இல்லை.

நான் தைத்த விரிப்பில் பாப்பா படுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அது நான் தைத்ததா? ஓரமெல்லாம் வெள்ளை லேஸ். நடுவில் பளபளவென்று சாட்டின், அதன் மேல் ஒரு முயல். அங்கே இருந்த பச்சைத் துண்டு எங்கே, அபி?

நீ கேட்டுத்தானே தைத்தேன்? உன் நாத்தனாருக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை, இதாவது பிழைக்கணும், பிள்ளைகள் நல்லபடியாக வளர்ந்த வீடுகளில் பழந்துணி வாங்கித் தைத்துக் கொடுடி என்று நீதானே அழுதாய்? புதுத்துணி ஆகாது, கடையில் வாங்கியது ஆகாது என்றாய். பக்கத்து வீட்டில் மோர் கேட்கவே கூசுகிறவள் நான். உனக்காகத் தெருவில் வீடு வீடாக ஏறிப் பழந்துணி கேட்டேன்.

பக்கத்து வீட்டு ரம்ஜான் பீயிடம் சொன்னதும் பெட்டியைத் திறந்து, ஐந்து பிள்ளைகளையும் ஏணை கட்டித் தூங்க வைத்த பச்சைப் புடவையை எடுத்தார்கள். பிறருக்குத் தொடக்கூடக் கொடுக்காத புடவை அது. முந்தானை நைஞ்சிப்போச்சி, புள்ளைங்க முதுகு பட்ட எடத்துல எடுத்துக்கோம்மா என்று அவர்களே கத்தரி வைத்தார்கள். அஞ்சும் குத்துக்கல்லாட்டம் கீதுங்க, இதுவும் நிக்கும்னு போயி சொல்லு என்றார்கள். அதனால்தான் அதை நடுவில் வைத்தேன். பரீட்சைக்கு நாம் படித்தது அந்த வீட்டு ஃபேனுக்கடியில். நோன்புப் பெருநாளுக்கு இன்னொரு கிண்ணம் சேமியா கொடு பீம்மா என்று கேட்டு வாங்கிக் குடித்தவள் நீ.

நீ எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இது யாரு வீட்டுதுன்னு அத்த கேட்டாங்கடி, சொன்னேன், மூஞ்சியே மாறிடுச்சி, எதுக்கு வம்புன்னு டெய்லர்கிட்ட குடுத்து அத மட்டும் மாத்திட்டேன், இப்ப பாரு கடையில வாங்கினாப்புல கீது, நீ தச்சதுன்னுதான் எல்லாருக்கும் சொன்னேன், கோச்சிக்காத. இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய்.

கையால் செய்ததை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீளம் அதிகமென்றால் மடித்துத் தை. லேஸ் பிடிக்குமென்றால் வைத்துக்கொள். ஆனால் செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். கேட்டிருந்தால் நானே பிரித்துக் கொடுத்திருப்பேன் என்று எழுத வந்தேன். இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும். அதனால்தான் நீ கேட்கவில்லை. மாற்றியதோடு நிற்காமல் என் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ரம்ஜான் பீயை வேண்டாமென்று எடுத்துப் போட்டவள் நான் என்று ஆகிவிட்டது.

ராத்திரி வீட்டில் அம்மா என்னிடமிருந்து போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். என்னிடம் முதலில் கேட்டது பச்சைத் துண்டைப் பற்றி அல்ல. நம்முது இன்னும் கீதான்னு பாரு என்றாள். நாற்று நட உடுத்திப் போன நீலப் புடவையில் ஒரு துண்டு தந்தவள் அவள். தேடினேன். மூலையில், லேசுக்கு அடியில் பாதி தெரிந்தது. கீதும்மா என்றேன். அம்மா மூச்சு விட்டாள். நம்மை எடுக்கவில்லை என்ற அந்த நிம்மதியை என் அம்மா முகத்தில் பார்க்க வைத்தாயே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரம்ஜான் பீ தினமும் கேட்கிறார்கள். பாப்பா அதுமேல படுத்த படம் வந்துதாம்மா என்று. நேற்று ராத்திரியும் கேட்டார்கள், வரவில்லை என்று பொய் சொன்னேன். இன்று காலை அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாகக் கடைக்குப் போனேன். எத்தனை நாளைக்கு?

கோபம் இருக்கட்டும், முதலில் ஒரு காரியம் செய். அந்த விரிப்பை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே நூலில் தைத்தேன். நடுவை வெட்டியதால் நூல் உள்ளே அறுந்து கிடக்கும். துவைக்கத் துவைக்க உருவிக்கொண்டு வரும். பாப்பாவின் விரலில் சுற்றிக்கொள்ளப் போகிறது. சாட்டினின் நாலு பக்கமும் உள்பக்கமாக நூலை இழுத்து முடிச்சுப் போடு. டெய்லரிடம் கொடுக்காதே, நீயே போடு.

பச்சைத் துண்டு இன்னும் இருந்தால் கவிதா அக்காவிடம் கொடு. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று சொல். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைப் பெற்றவள் முடிவு செய்யட்டும், உன் மாமியார் அல்ல. குப்பையில் போட்டுவிட்டாயென்றால் எனக்கு எழுதாதே. ஊருக்கு வந்து ரம்ஜான் பீயிடம் நீயே சொல். வாசல் வரைக்கும் உன்னோடு வருவேன். உள்ளே நீதான் போக வேண்டும்.

பாப்பா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நோய்நொடி இல்லாமல் வளரட்டும், ஓடியாடட்டும். அவள் முதுகுக்கடியில் இன்னும் சில வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களையாவது பிரிக்காமல் விடு.

இப்படிக்கு,
தேவயானி