பட்டப்பெயரில் போட்ட அறுநூறு கையெழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அப்பாவுக்கு முழங்கால் மட்டும் முனகுது, லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தானே லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுறாங்க, அதனால ஒன்பது மாடியும் நடந்துதான் ஏறணும். நீ உடம்பைப் பார்த்துக்கிறியா, வேளைக்குச் சாப்பிடுறியா, குளிருக்குக் காதை மூடிக்கிறியா. போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் காகிதத்தை எடுத்தாள்னு யோசிப்பே. போன்ல நாம ரெண்டு பேரும் சாப்பிட்டியா தூங்கினியாவைத் தாண்டிப் போறதே இல்லையே ராஜா, தாண்டினா எனக்கு அழுகை வரும், இல்லேன்னா கோபம் வரும், எது வந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வெச்சுடுவேன். அதனாலதான் இன்னிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, மேசையில கிடந்த பேன்ட்டு ஜாக்கெட்டையெல்லாம் ஒரு ஓரமா தள்ளிட்டு எழுத உட்கார்ந்துட்டேன். முதல்லயே சொல்லிடறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலை, நல்ல சேதிதான். ஆனா நடுவுல உனக்குக் கோபம் வரும். வந்தா வரட்டும், கடைசிவரைக்கும் படிச்சுட்டு அப்புறம் கோபப்படு.

சுத்தி வளைக்காம சொல்றேன், உங்கம்மா சீட்டாடுறா. போன்ல, காசு வெச்சு, கிட்டத்தட்ட நாலு வருஷமா. இதைப் படிச்சதும் நீ நாற்காலியை விட்டு எழுந்திருப்பே, எனக்குத் தெரியும். எழுந்திரு, நியாயம்தான். ரெண்டு பருவத்துக் காலேஜ் பீஸை இதே ஆட்டத்துல விட்டுட்டு வந்து நின்னேன்னுதானே உன் பையைத் தூக்கி வாசல்ல எறிஞ்சேன், இந்தப் படியை மிதிக்காதேன்னு தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன், பதினாலு மாசம் உன் குரலைக் கேட்காம இருந்தேன். அப்பா எனக்குத் தெரியாம உனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தார், எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீ போன மூணாம் மாசம், என் பிள்ளையை அப்படி மயக்கினது எதுடா, அதோட மூஞ்சியை ஒருதரம் பார்த்துடணும்னு அதே ஆட்டத்தை என் போன்ல இறக்கினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, சண்டைக்குப் போற மாதிரிதான் போனேன். ரெண்டாம் வாரமே அதுல யாரோ எழுதின ஒரு கிண்டலைப் படிச்சுட்டுத் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன், ஒரு பொம்பளைக்கு எடுக்க வேண்டிய கை அளவைக் கழுத்துக்கு எடுத்துட்டேன்னா பாரு. வாரத்துக்கு ஒரு ஜிப் மாத்துற கூலி, அதுக்கு மேல ஆட முடியாதபடி நானே கணக்குல பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன், இன்னிவரைக்கும் அதைத் திறக்கலை. ஆனா அது முக்கியமில்லை. உன்கூடப் பேசாம இருந்த அதே மாசங்கள்ல, முகம் தெரியாத அஞ்சு பேரோட மத்தியான இடைவேளையில சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன் பாரு, அதை நினைச்சா எனக்கே என்மேல வெறுப்பா இருக்கு. அப்பாகிட்டகூட மூச்சு விடலை. நான் போன்ல புது மாதிரி காலர் வெட்டுறது எப்படின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அந்த மனுஷன் நம்பிக்கிட்டு இருந்தார்.

இது இப்படியே போயிருக்கும், உனக்குச் சொல்லாமலே என் காலமும் போயிருக்கும். இந்த வருஷ ஆரம்பத்துல ஒரு சட்ட வரைவு வந்துச்சு. ஆன்லைன்ல காசு வெச்சு ஆடுறதை மொத்தமா தடை பண்ணப் போறாங்கன்னு, நடத்துறவங்களுக்கு மட்டும் இல்லை, வீட்டுல உட்கார்ந்து ஆடுறவங்களுக்கும் ஆறு மாசம் ஜெயில்னு. போன்ல நாங்க ஆறு பேர் சேர்ந்து ஆடுற இடத்துக்கு மேசைன்னுதான் பேரு, அங்க எல்லாரும் புலம்பித் தள்ளினோம். எங்க மேசையில இடின்னு ஒருத்தங்க உண்டு, நாமளே புலம்பி நாமளே கேட்டா ஆச்சா, ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் டைம் இருக்கு, எழுத்துல கொடுப்போம்னு ஆரம்பிச்சு வெச்சாங்க. பெயரைப் பார்த்துட்டு நான் அவங்களை ஆறடி ஆம்பளைன்னே நினைச்சிருந்தேன், நேர்ல பார்த்தா ஒரு நூலகத்துல வேலை பார்க்கிற அம்மா, ஒட்டிப்போய், பேசினா பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேட்காது. ஆனா பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். ஆட்டத்தை நடத்துற கம்பெனிக்காரங்க மோப்பம் பிடிச்சு வந்து, கடிதமெல்லாம் நாங்களே அச்சடிச்சுத் தரோம், பஸ் வெச்சு ஆளுங்களைக் கூட்டிட்டு வரோம், பனியன்கூடத் தரோம்னாங்க. இடி ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டாங்க, உங்க பனியனைப் போட்டுக்கிட்டு நாங்க பேசினா அது எங்க பேச்சு இல்லையேன்னு. எனக்கு அன்னிக்கே அவங்களைப் பிடிச்சுப்போச்சு.

ஒரு மேசையிலேருந்து இன்னொரு மேசைக்குச் சொல்லி, சொல்லி, அறுநூத்தி பதினோரு பேர் காகிதத்துல கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பினாங்க. நானும் இடியும் நூலகத்துப் பின்னறையில உட்கார்ந்து எல்லாத்தையும் அடுக்கி, நான் என் கையால நூல் கோத்துத் தைச்சு, புத்தகம் மாதிரி ஆக்கி, வரைவைப் பரிசீலிக்கிற சட்டசபைக் குழுகிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாலாம் நாள் கட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. கூடவே அந்தக் குழுவோட எழுத்தர் ஒரு கடிதம் வெச்சிருந்தார். ஒத்தைக் காது, ஈரத் துண்டு, அரைத்தூக்கம், கோணல் நாற்காலி என்பவர்கள் எந்த முகவரியில் வசிக்கிறார்கள்னு ரொம்ப மரியாதையா கேட்டிருந்தார். ஐயோ, மானம் போச்சு! அறுநூத்தி பதினோரு பேரும் பட்டப்பெயர்லதான் கையெழுத்துப் போட்டிருக்கோம்டா. மேசையில ஒருத்தரோட சொந்தப் பெயரைக் கேட்கிறதுன்னா அவங்க கையில இருக்கிற சீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி, யாரும் கேட்க மாட்டோம். அந்தப் பழக்க தோஷத்துல கையெழுத்துப் போட்ட ஒருத்தருக்கும் உறைக்கலை, உட்கார்ந்து தைச்ச எனக்கும் உறைக்கலை. நான் ஊசின்னு போட்டு, கீழே அழகா ஒரு கோடு வேற இழுத்திருந்தேன்.

சொந்தப் பெயர், வீட்டு முகவரி, தொழில், இது மூணும் இருந்தாத்தான் செல்லும்னு சொல்லி ஒன்பது நாள் கொடுத்தாங்க. திரும்பக் கேட்டதும்தான் தெரிஞ்சுது யாருக்கு எவ்வளவு தைரியம்னு. அறுநூத்தி பதினோரு பேர்ல நாப்பத்தி மூணு பேர்தான் பெயர் கொடுத்தாங்க. மத்தவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், சூதாடின்னு ஊரறிய எழுதிக் கொடுத்துட்டு நாளைக்குப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடப் போகணுமே, முதலாளி முகத்துல முழிக்கணுமே. நானே எட்டு நாள் பேனாவை எடுக்கலை. வாடிக்கையாளர் என்ன நினைப்பாங்கன்னு இல்லை, அவங்களுக்கு ஜிப் போனா என்கிட்டதான் வந்தாகணும். உன்னை நினைச்சுத்தான். என்னைக் காறித் துப்பிட்டு நீ மட்டும் ஆடினியான்னு நீ ஒரு கேள்வி கேட்டா எனக்கு வாய் இருக்கா? எட்டாம் நாள் டீ குடிக்கும்போது அப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் டீயை மெதுவா குடிச்சு முடிச்சார், என்ன பட்டப்பெயர்னு கேட்டார், ஊசின்னேன், பொருத்தம்தான்னார். அப்புறம் இதெல்லாம் பையனுக்குத் தெரியுமான்னார். இல்லைன்னேன். முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுன்னார். சரின்னு தலையை ஆட்டிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டேன். உன்கிட்ட சொல்லலை. அது என் கோழைத்தனம், வேற பெயர் இல்லை அதுக்கு.

நாப்பத்தி மூணு பேர்ல அஞ்சு பேரை நேர்ல வந்து பேசச் சொன்னாங்க, அதுல நானும் ஒருத்தி. நீளமான அறை, குழுவுல ஏழு பேர், ஆளுக்கொரு மைக், தண்ணி டம்ளர்.  தலைமை தாங்கின அம்மாவோட கோட்டுக் கையில மடிப்புத் தையல் விட்டுத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு நிமிஷம் கழட்டிக் கொடுத்தா சரி பண்ணிடலாமேன்னு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாடி தடை வேணும்னு ஒரு மருந்துக்கடைக்காரர் பேசினார். அவரோட தம்பி இந்த ஆட்டத்துல எல்லாத்தையும் விட்டுட்டு, ஒருநாள் சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போனவர்தானாம், மூணு வருஷமா எங்க இருக்கார்னே தெரியலையாம். இனி ஒரு வீட்டுக்கும் இது வேண்டாம்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். அவர் ஒரு பொய்யும் சொல்லலை. நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த பேச்சு, என் காசு, என் வீடு, என் மத்தியானம்னு ஜோரா ஆரம்பிக்கும், அதை அவர் முகத்துக்கு நேரா சொல்ல எனக்கு மனசு வரலை. தடை வேண்டாம்னு ஏதோ நாலு வரி மட்டும் சொன்னேன். அப்போ அந்தத் தலைவி அம்மா, உங்க வீட்டுல யாரும் இதுல அடிபட்டதில்லையா, அதனாலதான் இவ்வளவு சுலபமா பேசறீங்களான்னு கேட்டாங்க.

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். உங்களைப் பத்தி மட்டும் பேசுங்க, வேற எதுக்குள்ளயும் போகாதீங்கன்னு இடி படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா மருந்துக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். உன் பெயரைச் சொல்லலை ராஜா, சத்தியமா சொல்லலை, ஆனா சொல்லிட்டேன். என் மகன் அடிபட்டான், அவன் இருபது வயசுல இதுல மாட்டினப்போ நான் அவனைக் கேள்வி கேட்காம வெளியே துரத்தினேன்னு சொன்னேன். இந்தச் சட்டம் அன்னிக்கு இருந்திருந்தா, எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு நானே போலீசுக்குப் போயிருப்பேன், அவனும் ஆறு மாசம் உள்ளே இருந்துட்டு வந்திருப்பான், இன்னிக்கு அவன் பார்க்கிற வேலையை எவனும் கொடுத்திருக்க மாட்டான்னேன். தூண்டில் போடுறவனைப் பிடிங்க, விட முடியாம தவிக்கிறவனுக்குத் தானே பூட்டிக்க ஒரு பூட்டுக் கொடுங்க, எங்களை மாதிரி ஓரமா உட்கார்ந்து ஆடுறவங்களை விடுங்க, பிள்ளைங்களை மட்டும் ஜெயில்ல போடாதீங்கன்னேன்.  அந்த அம்மா விடலை, அப்போ உங்க மகன் எப்படித்தான் இதை விட்டார், நீங்க துரத்தினதாலயான்னு கேட்டாங்க.   எனக்குத் தெரியாது, நான் அவனைக் கேட்டதே இல்லைன்னு சொன்னேன். மைக்ல சொன்னது எனக்கே திரும்பக் கேட்டுச்சு. வெளியே வரும்போது மருந்துக்கடைக்காரர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், உங்க மகன் இப்போ நல்லா இருக்காரான்னு மட்டும் கேட்டார், நல்லா இருக்கான்னேன், தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

பத்தொன்பது நாள் கழிச்சு, முந்தாநேத்து முடிவு வந்துச்சு. ஆடுறவங்களுக்கு ஜெயில்ங்கிற பிரிவை எடுத்துட்டாங்க. மொத்தத் தடையும் இல்லை. வயசு பார்த்துத்தான் உள்ளே விடணும், விளம்பரம் கூடாது, யார் வேணும்னாலும் தன் கணக்கைத் தானே பூட்டிக்கலாம், பூட்டிக்கிட்டவனுக்குத் திரும்ப ஆசை காட்டுற கம்பெனிக்காரனுக்குத்தான் ஜெயில். அந்தக் கடைசி வரி மருந்துக்கடைக்காரர் கேட்டு வாங்கினதாம், எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். இடி போன்ல கத்தினாங்க பாரு, அன்னிக்குத்தான் பெயருக்கு நியாயம் பண்ணாங்க. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. மிஷினை நிறுத்திட்டு, யாரோ கொடுத்த பேன்ட்டை மடியில வெச்சுக்கிட்டு அழுதேன், அப்பா ஓடி வந்து கையில ஊசி ஏறிடுச்சான்னு விரலைப் பிடிச்சுப் பார்த்தார். நேத்து ஒரு பொம்பளை ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு, நீங்கதானே அந்தச் சீட்டாடுற தையல்காரம்மான்னு கேட்டா, ஆமாம் நான்தான், வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோன்னேன். தலை வெடிச்சிடலை, கூலியும் குறைக்கலை.

ஆனா உன்கிட்டச் சொல்ல வேண்டியதை ஊர்பேர் தெரியாத ஏழு பேர்கிட்ட முதல்ல சொல்லிட்டேன். அது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு உன் பையை எறிஞ்சது. பீஸ் போனதுக்கு நீ என்கிட்ட நூறு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கே, திருப்பியும் கொடுத்துட்டே. எறிஞ்சதுக்கு நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. இப்போ கேட்கிறேன், அம்மாவை மன்னிச்சுடு. நான் ஆடுறது உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, இன்னிக்கே அழிச்சுடறேன், அதுல ஒரு வருத்தமும் இல்லை. நீ அதைத் தொட வேண்டாம், ஆசை வந்தா எங்களைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் கூப்பிடு.

நீ நூறாண்டு நோயில்லாம இருக்கணும், எடுத்த காரியமெல்லாம் கைகூடணும், போற இடத்துல நல்ல மனுஷங்க கிடைக்கணும். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாம டாக்டர்கிட்டக் காட்டு. பதில் போடும்போது வேலை, குளிர், சாப்பாடு எல்லாத்தையும் அப்புறம் எழுது, முதல்ல இதை எழுது. அந்த அம்மா கேட்டதை நான் இப்போ உன்கிட்டக் கேட்கிறேன். கூட ஒருத்தரும் இல்லாம, அம்மாவும் இல்லாம, எப்படிடா அதை விட்டே?

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கிற
அம்மா