மேலே ஏறுங்கள், அம்மா

கார்ல்ஸ்ரூஹே
25.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஆறுகளின் நீரோட்டத்தைக் கணக்கிடுகிறோம். உங்கள் ஆற்றின் கணக்கு என்னை இருக்க விடுவதில்லை. முன்பு மேல்மலையில் பனி மார்ச் வரை கிடந்து, மெல்ல உருகி வந்தது. இப்போது ஜனவரியிலேயே மழையாகக் கொட்டி, ஒரே நாளில் கீழே வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் கோடையில் இல்லாமல் போகிறது. ஆற்றங்கரையில், கீழ்வீட்டில், நீங்கள் தனியே இருக்கக் கூடாது. இங்கே உங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
லவினியா

14.09.2025

செல்ல மகள் லவினியாவுக்கு,

மாதா உன்னைக் காப்பாளாக. நான் சுகம். நீ பயப்படும் ஆறு இப்போது கணுக்காலுக்குக்கூட இல்லை. வாத்துகள் நடந்து போகின்றன. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் இருந்த வீட்டை ஓர் அறைக்காக விட ஏலாது.

ஒரு பகிடி கேள். வியாழக்கிழமை ஒத்திகைக்குச் சைரன் ஊதினார்கள். நான் செபமாலையோடு, வீட்டுக்குக் கீழே இருக்கும் கெல்லருக்குள் இறங்கிக் குந்திவிட்டேன். மேல்வீட்டு ரஞ்சினி தேடி வந்து, "என்ன பேர்பெச்சுவா அக்கா, பொம்மரே வருது?" என்று சிரித்தாள்.

அம்மா

கார்ல்ஸ்ரூஹே
18.09.2025

அம்மா,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் சைரன் ஊதுவது குண்டுக்கு அல்ல, வெள்ளத்துக்கு. கெல்லரில் முழங்காலளவு தண்ணீர் வந்தாலே கதவைத் தள்ளித் திறக்க முடியாது. வெள்ளத்தில் எத்தனையோ பேர் கெல்லருக்குள்தான் செத்தார்கள். சைரன் கேட்டால் ரஞ்சினி அக்கா வீட்டுக்கு மேலே ஏறுங்கள். ஏறுவேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது வரும்வரை எனக்கு நித்திரை இல்லை.

லவினியா

05.10.2025

என் மகளுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஏறுவேன் என்று எழுதினால் அது பொய்.

உன் றொனால்ட் அண்ணாவைப் பற்றி உன்னோடு நான் பேசியதே இல்லை. ஊரில் குண்டு போடப் பொம்மர் இரைந்து வந்த அன்று நீ கைக்குழந்தை. உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் குதித்தேன். "வாறன் அம்மா" என்று மேலே நின்றவன் வரவில்லை. அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அப்படிச் சத்தம் கேட்டால் என் கால் என் சொல் கேட்காது. கீழேதான் போகும்.

மூன்று நாள் மழையில், நேற்று ஆறு வாசற்படி வரை வந்து திரும்பியது. சைரன் ஊதவில்லை. ஊதியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் கெல்லரைப் பூட்டித் திறப்பை ரஞ்சினியிடம் கொடுத்தேன். "நான் அழுது கேட்டாலும் தராதை" என்றேன். அவள் இந்தமுறை சிரிக்கவில்லை.

இனி ஓடி ஒளிய எனக்கு இடமில்லை, பிள்ளை. பயமாக இருக்கிறது. சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அம்மா