மில் படிவத்தில் நேசமலர் அக்காவின் நிறை

03.06.2025, செவ்வாய்

எங்கள் மாதர் சங்கத்துக் கொம்பியூட்டருக்கு உயிர் வந்துவிட்டது! கிளிநொச்சி ரவுணில் கடை வைத்திருக்கிற மேனுகாவைக் கூட்டிவந்தது நான்தான். உள்ளே களவாய்ப் பிரதியெடுத்துப் போட்டிருந்த பழைய சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு, ஆரும் சும்மா எடுத்துப் போடலாம் என்கிற வேறொன்றைப் போட்டாள். திரையில் கொழுத்த பென்குயின் ஒன்று இருக்கிறது. எங்கள் தலைவி நேசமலர் அக்காவின் சாடை. சொன்னேன். முறைத்தார்.

"சும்மா வாற சாமான் சும்மாதானடி இருக்கும், ரூபி. எங்கட சங்கத்துக்கு மா மில் குடுக்கிற நிறுவனம் அனுப்பப்போற படிவ ஃபைலை இது திறக்குமோ?"

"திறக்கும் அன்ரி. திரும்பவும் அதே மாதிரி ஃபைலாவே அனுப்பும்," என்றாள் மேனுகா.

அந்த மாதிரி ஃபைலைச் செய்கிற பெரிய கொம்பனிக்காரர் அதன் பூட்டுக்குத் திறப்புத் தரமாட்டம் என்றார்களாம். இந்தப் பென்குயின்காரர் பூட்டைத் தடவித் தடவியே திறப்பு வெட்டிவிட்டாங்களாம். களவில்லையாம், கெட்டித்தனமாம். எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

05.06.2025

ஃபைல் வரவில்லை. அக்கா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

11.06.2025, புதன்

ஃபைல் ஒன்பதாம் திகதியே வந்து கிடக்கிறது! அன்றைக்கு ஊர் முழுக்க வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நின்றது. நாளை பின்னேரம் நாலு மணிக்குள் நிரப்பி அனுப்பவேண்டும். பிந்தினால் மில் வேறு ஊருக்கு. பிறகும் மா திரிக்க எட்டுக் கிலோமீற்றர் சைக்கிள்தான். "பென்குயின் போதும்" என்று கூட்டத்தில் கை உயர்த்திச் சொன்னவள் நான். மில் போனால் எங்கள் ஸ்கந்தபுரத்தில் எந்த முகத்தோடு திரிவது?

12.06.2025, வியாழன்

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா நோகிறது. ஒழுங்காய் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மேனுகா ஃபைலைத் திறந்தாள். திறந்தது. கோடு, பெட்டி எல்லாம் இருந்தன. எழுத்துத்தான் இங்கிலிஷ் மாதிரி என்னவோ. இருபது வருடம் இங்கிலிஷ் படிப்பித்த நேசமலர் அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இது இங்கிலிஷே இல்லை. வைரஸ். எல்லாம் உந்தப் பென்குயினால வந்த வினை."

நான் எட்டிப் பார்த்தேன். என், ஜி, ஏ, யூ, ஒரு புள்ளியும் வாலும். அட, இது "பெயர்" அல்லவோ!

ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் நான். ஆனால் ரவுணில் மரண அறிவித்தல் அடிக்கிற கடையில் ஆறு வருடம் தட்டச்சில் இருந்தேன். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து அப்படித்தான்: இங்கிலிஷ் சாவியைத் தட்டினால் தமிழ் விழும். அந்த எழுத்து இந்தக் கொம்பியூட்டரில் இல்லை, அதுதான் வெறும் சாவி மட்டும் தெரிகிறது. என் விரலுக்கு அது நல்ல தமிழ்.

"ஃபைல் சரி அன்ரி. எழுத்தை நாளைக்குக் கொண்டந்து போடுறன். இப்ப நீங்க வாசியுங்கோ," என்றாள் மேனுகா.

நான் வாசிக்க, அக்கா பதில் சொல்ல, அவள் அடித்தாள். சங்கத்தின் பெயர். உறுப்பினர் நாற்பத்தொன்று. கடைசிப் பெட்டி: வேறு விபரங்கள். எனக்குள் குரங்கு ஒன்று குந்தியிருக்கிறது, என்ன செய்ய?

"தலைவியின் நிறை," என்று வாசித்தேன்.

"நிறையோ? அதேன்?"

"மில்லுக்குப் பக்கத்தில நிக்க வேணுமெல்லோ அக்கா. தளம் தாங்குமோ எண்டு பாக்கத்தான்."

அக்கா வாசலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எழுபத்தெட்டுக் கிலோ."

மேனுகா மேசையில் தலையைப் போட்டுச் சிரித்துக்கொண்டே அதையும் அடித்தாள். படிவத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை என்று நான் உண்மையைச் சொல்ல, அக்கா கொப்பியால் என் முதுகில் நாலு போட்டார். மணி மூன்று ஐம்பத்தெட்டு! "அனுப்படி, அனுப்பு!" அனுப்பியாச்சு.

அதே நாள், புட்டு அவியும்போது

ஐயோ. அந்தப் பெட்டியில அடிச்ச நிறையை ஆர் அழிச்சது? நான் அழிக்கேல்லை. மேனுகாவும் இல்லையாம், கேட்டாச்சு. நாற்பத்தொரு பெண்டுகளின்ர மில்லை என்ர வாயாலயே திண்டிட்டனோ? பகிடியெண்டு நினைச்சுத் தூக்கி எறிஞ்சால்? இவர் கேக்கிறார், புட்டுக்கு ஏன் ரெண்டு தரம் உப்புப் போட்டனியெண்டு.

13.06.2025, வெள்ளி

விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் நின்று எல்லாத்தையும் சொன்னேன். அழுகையும் வந்தது. அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தவே இல்லை.

"இப்ப அழு. நேற்று என்ன சொன்னனான்?"

"எழுபத்தெட்டு."

"நேற்று ஃபைல் அனுப்பினாப் பிறகு டிஸ்பென்சரியில நிறுத்துப் பாத்தனான். எழுபத்தாறுதான். ஃபோன் எடுத்துத் திருத்தச் சொல்லு."

எடுத்தேன். நிறுவனத்துத் தம்பி ஃபைலைத் திறந்து பார்த்தான். பிறகு, "ஃபைல் இஞ்ச வடிவாத் திறந்தது அம்மா. கையெழுத்துப் பெட்டி மட்டும் மற்றப் பக்கத்துக்குப் போயிட்டுது. நிறையைத் திருத்திறன்," என்றான். சிரித்தானோ இருமினானோ தெரியாது.

14.07.2025

இடம் பார்க்க நிறுவனத்து ஐயா ஒருவர் வந்தார். நேராக அக்காவிடம் போய், "நீங்கதானே அந்த எழுபத்தாறு?"

"ஓம். மில் வந்தால் கூடும்," என்றார் அக்கா. நான் பின்னுக்கு ஒளிந்துகொண்டேன்.

04.09.2025, வியாழன்

நின்றபடி எழுதுகிறேன். பேனை வழுக்குகிறது, கையெல்லாம் மா. இவர் பார்த்துவிட்டு எனக்கு ஒரே நாளில் நரைத்துப்போச்சாம். மில் வாசலில் இன்னும் ஏழு பேர் ஊறவைத்த அரிசியோடு நிற்கினம். அக்கா கத்துகிறார். வாறன், வாறன்.